மச்சானுக்கு ஸ்கோப்பு பார்த்த நாள்

என் உசுரான காமாட்சி அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் இப்போது மழையா, வெயிலா? இங்கே கஹவத்தைப் பக்கம் விடிந்தால் மூட்டம், மத்தியானம் வெயில், மூன்று மணிக்கெல்லாம் மழை. விளக்கேற்றி, மாரியாத்தாளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். ஆத்தா பாவம், கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பாள். இனி உன்னோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ கண்மூடிய முதலாம் வருஷத்துக்குக் கோயிலில் ஒரு நினைவு மலர் போடுகிறோம். நான் எழுதினால் "என் அக்கா தங்கமானவள்" என்று நாலு வரி எழுதுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நீ தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நான் எழுதப்போவது துவக்கில் குறி பார்க்கப் பூட்டுகிற கண்ணாடியைப் பற்றி. எழுதச் சொன்னது மச்சான்தான், உன் வீட்டுக்காரர். "நாலு பேரு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும் பாக்கியம், ஒண்ணையும் மறைக்காம எழுது" என்றார்.

நீ போன பிறகு மச்சானுக்கு மிஞ்சியது தோட்டத்துக் காவல் வேலையும் அந்தத் துவக்கும்தான். மகள் கொழும்பில். சாப்பிட மறந்தாலும் அவர் துவக்கைத் துடைக்க மறப்பதில்லை. காட்டுப்பன்றி இளந்தேயிலையை வேரோடு புரட்டிப் போடுகிறது என்று தோட்டத்துத் துரை கொடுத்த பொறுப்பு அது. அது ஒன்றுதான் அந்த மனுஷனைக் காலையில் எழுப்பி, முகம் கழுவ வைத்து, வெளியே அனுப்பியது. அதை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டால் ஆள் அப்படியே படுத்துவிடுவார் என்று எனக்குப் பயம்.

"பெருமாள் எடுத்த ரூபம் மச்சான் அது, அதையா சுடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெருமாள் பூமியத் தூக்குனாரு. இது பூமியத் தோண்டுது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். பெருமாளிடம் அவருக்காக நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் அக்கா.

அந்தப் பன்றிதான் உன்கிட்டேயும் வந்தது. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே நீ படுத்திருக்கிற இடத்தில் மண் கிளறிக் கிடந்ததை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். மச்சானிடம் சொன்னால் நொந்துபோவார் என்று, யாருக்கும் சொல்லாமல் விடியும்போதே போய்க் கையால் மண்ணை அள்ளிச் சமப்படுத்திவிட்டு வந்தேன். மச்சானும் பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் அழுவேன் என்று, அவரும் யாருக்கும் சொல்லாமல் மேலே ரப்பர் மரத்தடியில் துவக்கோடு உட்கார ஆரம்பித்திருக்கிறார். ஒருத்தருக்காக ஒருத்தர் மறைத்தோம். நீ ஒருத்திதான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கனவிலாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

மறுபடியும் மண் கிளறிக் கிடந்த ஒரு நாள், விடியக்காலையில் தூறல். கொழுந்து எடுக்கும்போது போர்த்துகிற கறுப்புப் பொலித்தீனைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உன் தலைமாட்டில் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன். மூட்டம் இடுப்பளவுக்கு இறங்கி நின்றது. மரமெல்லாம் வேர் இல்லாமல் மிதக்கிற மாதிரி. நானும் மிதக்கிற மாதிரிதான் இருந்தது. அப்போது மலையே வெடித்த மாதிரி ஒரு சத்தம். என் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி மண் துள்ளி என் முகத்தில் விழுந்தது.

எப்படி உருண்டேன் என்று தெரியாது. மழைத்தண்ணீர் ஓடுகிற பக்கத்துக் கானுக்குள் மல்லாந்து கிடந்தேன். தண்ணீர் என் முதுகுக்கடியில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பயமே இல்லை அக்கா, அதுதான் ஆச்சரியம். தூறல் விழுவது ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் படுத்து, தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி நீ பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நிஜமா, என் மூச்சா, இன்னும் தெரியவில்லை.

அப்புறம் மேலேயிருந்து மச்சான் குரல். "போயிருச்சு," என்றார். பிறகு, "அடுத்த தடவ விடமாட்டேன் காமாட்சி. உன்னையத் தொட விடமாட்டேன்" என்றார். மனுஷன் அழுதார் அக்கா. எழுந்து நின்று "நான்தான்" என்று எப்படிச் சொல்வேன்? அவர் போகும்வரை அப்படியே கிடந்தேன்.

அன்றைக்கே பிளேன்டீ குடிக்க என் காம்பரா வீட்டுக்கு வந்தார்.

"என்ன பாக்கியம், கையெல்லாம் சிராய்ப்பு?"

"கான்ல விழுந்துட்டேன் மச்சான்."

"கண்ண எங்க வச்சிக்கிட்டு நடந்த?"

என்னிடம் கேட்கிறார், பார்!

"இன்னைக்கு ஒரு பன்னிய விட்டுட்டேன்," என்றார். "கறுப்பு. நல்லாக் கொழுத்தது. கிட்டத்தட்ட உன் சைஸ்."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அவர் தலையில் கோப்பையைக் கவிழ்த்திருப்பேன். அன்றைக்குச் சீனி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

துவக்குக் குழாய் நுனியில் குறி பார்க்க இருக்கிற முள்ளைப் பார்த்தால் பன்றி மங்குகிறதாம், பன்றியைப் பார்த்தால் முள் மங்குகிறதாம். ஸ்கோப்பு பூட்டினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இரத்தினபுரிக்குப் போவோம், நீயும் வா. உனக்குக் கண்ணும் நல்லா இருக்கு, வாயும் நல்லா இருக்கு," என்றார். என்னைத் தப்பவிட்ட கண்ணுக்குக் கண்ணாடி பார்க்க என்னையே கூப்பிடுகிறார். நான் சரி என்றேன்.

அதற்குள் அவர் மறுபடி போய் உட்கார்ந்து வேறு யாரையாவது சுட்டுவிட்டால்? அந்த வாரம் முழுக்க விடிவதற்கு முன்னாடியே அவர் வாசலில் போய் நின்று பேசினேன். கோயில் கதை, கங்காணி மகள் கல்யாணக் கதை, முட்டையிடாத என் கோழியின் கதை. சூரியன் நன்றாக ஏறும்வரை விடவில்லை. "உனக்கு என்ன புள்ள ஆச்சு?" என்று கேட்டே விட்டார்.

பெல்மதுளை வழியாக பஸ் பிடித்துப் போனோம். துவக்குக் கடை முதலாளி சிங்களவர், தமிழும் பேசினார். என்ன துவக்கு, எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்று கேட்டார். "அம்பது, அறுபது கெஜம்," என்றார் மச்சான். முதலாளி இரண்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். ஒன்று என் முழங்கை நீளம், பன்னிரண்டு மடங்கு கிட்டே காட்டுமாம். மற்றது குட்டை, நாலு மடங்குதான். துவக்கு இல்லாமல் வெறும் ஸ்கோப்பைக் கையில் கொடுத்து, வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கச் சொன்னார். "கண்ணுக்கு ஒட்டி வைக்காதீங்க நங்கி, நாலு விரல் தள்ளி. துவக்குல இருந்தா உதைக்கிறப்ப புருவம் கிழியும்."

பெரியதில் முதலில் நான்தான் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு உலகம் அக்கா, சத்தமே இல்லாத உலகம், தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி. அந்த வட்டம் முழுக்க ஒரு கறுப்பு முதுகு அசைந்தது. ரோட்டுக்கு எருமை வந்துவிட்டதா என்று ஸ்கோப்பை இறக்கிப் பார்த்தேன். ஒரு பொம்பிளை. கறுப்புக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து தன் பிள்ளையின் காலுக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சிராய்ப்பு ஆறாத கையால் பெரியதை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

குட்டையானதை வாங்கிப் பார்த்தேன். குடை, அதற்குக் கீழே அவள் கொண்டை, பிள்ளை, பக்கத்தில் நிற்கிற பஸ், எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. எது என்ன, யார் யார் என்று தெரிந்தது. "இதுதான் மச்சான்," என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? பெருசுல பன்னி மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும்."

"பன்னி வந்து நிக்கும். பக்கத்துல நிக்கிறது தெரியாதே!"

"அக்கா சொல்றது சரி," என்றார் முதலாளி. நங்கி என்று தங்கச்சியாக்கியவர் அக்கா என்று மாறிவிட்டார், என் வாயைப் பார்த்துத்தான். "விடியக்கால வெளிச்சத்துக்கும் சின்னதுதான் நல்லாத் தெரியும். இன்னொண்ணு ஐயா, பூட்டுன பொறகு, அங்க நிக்கிறது என்னன்னு பாக்க இதத் தூக்கக் கூடாது. நீங்க பாக்குற பக்கம்தானே குழாயும் பாக்கும். என்னன்னு தெரிஞ்ச பொறகுதான் தூக்கணும்."

மச்சான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டுலயும் மூட்டமா இருக்கே," என்றார். வெளியே பட்டப்பகல் வெயில். முதலாளி மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். மறுபடியும் மூட்டம். முதலாளி அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"ஐயா, கண்ணாடியில ஒண்ணும் இல்ல. உங்க கண்ணுல வெள்ளை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியில காட்டுங்க, எடுத்துருவாங்க. அதுக்குப் பொறகு வாங்க, நான் வச்சிருக்கேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. பெருசையே கட்டுங்க."

அந்த இடத்தில்தான் அக்கா, அத்தனை நாள் பூட்டி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"மச்சான், அன்னைக்கு அது பன்னி இல்ல."

"பின்ன?"

"நான்."

முதலில் சிரித்தார். "உன் சைஸ்னு சொன்னதுக்கு இப்பத்தான் பதில் சொல்றியா?"

"கான்ல விழுந்தேன்னு சொன்னேன்ல? அக்கா பக்கத்துல இருக்கிற கான். பொலித்தீன் போத்திக்கிட்டு மண்ணு அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க அக்காகிட்ட அழுததும் கேட்டுச்சு."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, மெதுவாக விழுந்தது. முதலாளி ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். மச்சான் உட்காரவில்லை. பெரிய ஸ்கோப்பை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இரண்டு கையாலும் கண்ணாடி மேல் வைத்தார். பிறகு குட்டையானதை முதலாளி பக்கம் தள்ளி, "சின்னதக் கட்டுங்க," என்றார்.

பஸ்ஸில் அவர் ஸ்கோப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மழை ஜன்னலில் வழிந்துகொண்டே வந்தது. மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீஸுக்குப் போய்த் துவக்கை ஒப்படைத்துவிட்டார். அப்படியென்றால் ஸ்கோப்பு எதற்கு? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆறு நாள் என் வாசலுக்கே வரவில்லை. ஊற்றி வைத்த பிளேன்டீ ஒவ்வொரு நாளும் ஆறிப்போனது. ஒரு மனுஷனை எழுப்பி நடக்க வைத்ததை என் வாயால் பிடுங்கிவிட்டேனே என்று ஆத்தா காலில் விழுந்து கிடந்தேன். சொன்னது சரியா அக்கா? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா, இல்லை கானிலேயே விட்டிருப்பாயா?

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. வெயில் நன்றாக ஏறிய பிறகு உன்கிட்ட வந்தேன். மேலே ரப்பர் மரத்தடியில் மச்சான். கையில் துவக்கு இல்லை. ஸ்கோப்பைக் கண்ணுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து, நான் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கியமா?"

"ஆமா மச்சான். தெரியுதா?"

"மூட்டமாத்தான் தெரியுது. ஆனா மனுஷின்னு தெரியுது." ஸ்கோப்பை மடியில் இறக்கி, "ஆறு நாளா காலையில இங்கதான் இருக்கேன். யாரு வர்றா, எது வருதுன்னு பாக்குறேன். பாக்கமட்டுந்தான்," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அவர் எழுந்து வந்துகொண்டுதான் இருக்கிறார். படுத்துவிடவில்லை.

"கையில என்ன பொட்டலம்?"

"அவிச்ச மரவள்ளிக்கெழங்கு. அக்காவுக்குப் படையல். வெள்ளிக்கெழமை தவறாம வச்சிட்டுத்தான் போவேன். அடுத்த தடவ வந்து பாத்தா எல காலியா இருக்கும் மச்சான். அக்கா சாப்டுட்டான்னு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அடிப்பாவி!" என்றார். "வாராவாரம் பன்னிக்கு விருந்து வச்சிட்டு, அது வருதுன்னு என்னையக் காவலுக்கு உக்கார வச்சியா?"

சிரித்தார் அக்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ போனதற்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. பிறகு உன் தலைமாட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, உனக்கென்று கொண்டுவந்த கிழங்கை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தோம். கோபித்துக்கொள்ளாதே. இனி உனக்குப் பூவும் விளக்கும்தான்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நானே கூட்டிக்கொண்டு போவேன், கட்டை அவிழ்க்கும்போது பக்கத்தில் நிற்பேன். அதற்கப்புறம் துவக்கைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது எதையும் இனி ஒரு நாள்கூட மறைத்து வைக்கமாட்டேன். உன் மண்ணைத் தொட்டுச் சத்தியம் அக்கா.

உன் முந்தானையை விடாத தங்கச்சி,
பாக்கியம்