அரைச் சாண் வரம்பு

கிண்ணியா
05.08.2024

அன்பு மச்சான் சாமித்தம்பி,

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றிஷானா வீட்டாரும் சுகம். நீயும் அன்னப்பிள்ளையும் எப்படி? போன கிழமை நீ போனில் அரை மணித்தியாலம் கதைத்தாயாம். எனக்கு ‘ஹலோ’ மட்டும்தான் கேட்டது. நேவியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது, இனிப் போனுக்கா கேட்கப் போகிறது? எழுது. எழுத்துக்குக் காது வேண்டாம்.

உங்கள் கமக்காரர் சங்கத்திலிருந்து சிவரூபன் என்றொரு தம்பி வந்தவர். அடுத்த மாதம் உனக்கு எண்பதாவது வயது விழாவாம். “உங்கள் கூட்டாளி போடியாருக்கு நீங்கள்தான் பொன்னாடை போர்த்தி நாலு வார்த்தை சொல்ல வேணும்” என்றார். நாலு என்ன, நாற்பது சொல்லுவேன். அறுபத்துநாலில் ஒரே நாளில் நேவி டொக்யாட்டில் சேர்ந்தது, பன்னிரண்டு வருசம் ஒரே கப்பலில் கிடந்தது, விலகி வந்து வெருகலில் அடுத்தடுத்த வயல் வாங்கியது எல்லாம் சொல்லுவேன். தொண்ணூறில் சண்டை வந்து நான் பிள்ளைகளோடு இங்கே ஓடி வந்தபின், பன்னிரண்டு வருசம் என் வயலையும் நீயே செய்து நெல் அனுப்பினாய். அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

வரம்பில் நின்ற நம் மருதமரம் காற்றில் விழாமல் இருந்திருந்தால் விழாவை அதன் நிழலிலேயே வைத்திருக்கலாம்.

உன்,
கலீலுர் றஹ்மான்


வெருகல்
14.08.2024

அன்பு மச்சான்,

முருகன் துணையால் சுகம். நீ விழாவுக்கு வர வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும், உன் முழங்கால் தாங்காது. பொன்னாடையை யாரும் போர்த்தலாம். வயல் பார்த்த கதையை மேடையில் எடுக்காதே. அது பெரிய காரியமில்லை.

அன்னப்பிள்ளை உன்னை விசாரித்தாள்.

சாமித்தம்பி


கிண்ணியா
22.08.2024

மச்சான்,

வர வேண்டாம் என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? தொப்பி போட்டவன் மேடையேறினால் ஊரில் யாரும் ஏதும் சொல்லுவார்கள் என்று பயமா? அப்படியென்றால் நேரே எழுது, கோபிக்க மாட்டேன். முழங்காலைச் சாட்டினால் கோபிப்பேன். மருமகன் இஹ்ஸான் வேன் பிடித்துவிட்டான். நான் வருகிறேன்.

கலீலுர் றஹ்மான்


வெருகல்
09.09.2024

அன்பு மச்சான்,

தொப்பியும் இல்லை, முழங்காலும் இல்லை. உன் கையால் பொன்னாடை வாங்க எனக்கு ஏலாது. ஏன் என்று எழுதத்தான் இவ்வளவு நாள் பிந்தினேன்.

வரம்பு செதுக்கும் முறை உனக்குத் தெரியும். ஒரு போகம் என் பக்கம் செதுக்கி உன் பக்கம் அணைத்தால், மறு போகம் உன் பக்கம் செதுக்கி என் பக்கம் அணைக்க வேண்டும். அப்படி மாறி மாறிச் செய்தால்தான் வரம்பு நின்ற இடத்தில் நிற்கும். நீ போனபின் நான் மாற்றவில்லை. ஒவ்வொரு போகமும் என் பக்கத்தையே செதுக்கி, உன் பக்கத்தையே அணைத்தேன். போகத்துக்கு அரைச் சாண். இருபத்துநாலு போகத்தில் ஆறு முழம் உன் வயலுக்குள் வந்துவிட்டேன்.

பசியில் செய்யவில்லை மச்சான். அப்போது எனக்குப் பத்து ஏக்கர் இருந்தது. பார்க்க ஆளில்லை என்று செய்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மரம் காற்றில் விழவில்லை. வரம்பு நகர்ந்ததும் அது என் வயலுக்குள் தனியாக நின்றது. இரண்டாயிரத்து இரண்டில் நீ வயலைப் பார்க்க வரப்போவதாகக் கடிதம் போட்ட கிழமை, ஆள் பிடித்து அரிந்தேன். கட்டை இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு உழவுக்கும் மெஷின் கலப்பை அதில் தட்டும். “இதென்ன கட்டை அப்பா?” என்று மகன் மதிசுதன் கேட்பான். “ஏதோ பழைய கட்டை” என்பேன்.

விழா வேண்டாம் என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டேன். மெஷின் பிடித்து ஒரே நாளில் வரம்பைப் பழைய இடத்துக்குத் தள்ளித் தருகிறேன். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

சாமித்தம்பி


கிண்ணியா
03.10.2024

சாமித்தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. “கடிதத்தில என்ன வாப்பா?” என்று றிஷானா கேட்டவள். “ஒண்டுமில்லை, வயல் கதை” என்றேன். உன்னால் நானும் என் பிள்ளைக்குப் பொய் சொன்னேன்.

ஆறு முழத்தை விடு. கேட்டிருந்தால் தந்திருப்பேன். மரம் விழுந்ததாக நீ எழுதியபோது என் மனைவி நோயில் படுத்திருந்தாள். அந்த மரத்தடிக்குத்தான் அவள் பதினாலு மாரி எனக்குச் சோறு கொண்டு வந்தவள். நான் அழுதேன். “மரத்துக்கும் அழுவானா மனுசன்?” என்று சிரித்தாள். அடுத்த மாதம் மௌத்தாகிவிட்டாள். காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன் சாமித்தம்பி, இருபத்திரண்டு வருசமாக.

மெஷின் பிடிக்காதே. எடுத்த மாதிரியே கொடு. உன் கையால், மண்வெட்டியால், போகத்துக்கு அரைச் சாண். இருபத்துநாலு போகம். முடியும்போது உனக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. அதற்குமுன் செத்துப்போகாதே. நானும் போக மாட்டேன், பார்க்க வேண்டும்.

கலீலுர் றஹ்மான்


வெருகல்
27.10.2024

அன்பு மச்சானுக்கு,

இன்னும் அப்படி எழுத எனக்கு உரிமை உண்டோ தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இந்தப் போகத்து அரைச் சாண் முடிந்தது. உன் பக்கம் செதுக்கி என் பக்கம் அணைத்தேன். இளந்தாரி ஒருவன் இரண்டு மணித்தியாலத்தில் முடிப்பதை நான் ஐந்து நாள் செய்தேன். உள்ளங்கை பொக்களித்துவிட்டது. கிழவனுக்கு என்ன பிடித்தது என்று வரம்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிவரூபனும் நின்றார். அவருக்குச் சொன்னேன். அன்னப்பிள்ளைக்கும் சொன்னேன். அவள் மூன்று நாளாக என்னோடு கதையில்லை. தேத்தண்ணி மட்டும் வயலுக்கு வருகிறது.

நேற்று உழவு. கலப்பை கட்டையில் தட்டியது. மதிசுதன் மெஷினை நிற்பாட்டி, வழக்கம்போலக் கேட்டான். அது றஹ்மான் மாமாவின் மரம் என்று சொன்னேன். அரிந்தது யார் என்றும் சொன்னேன். அவன் இறங்கி வந்து, என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கப் பார்த்தான்.

நான் கொடுக்கவில்லை.

சாமித்தம்பி