அறுந்தது தெரியாத ஒட்டு

மருமகள் நகச்சாயத்தைப் பஞ்சால் துடைத்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் பிலிம் ஒட்டும் மருந்து ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

கொஞ்சம் முன்னால் கோவில்பத்துக் கல்யாண வீடியோவைப் போனில் வெட்டிக்கொண்டிருந்தாள். "மறுபடி பதியாம அப்படியே வெட்டுனா தெளிவு கொறையாது மாமா. ஆனா நான் சொல்ற எடத்துல வெட்ட மாட்டேங்குது, கொஞ்சம் தள்ளிப்போயி வெட்டுது" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பிலிமும் அப்படித்தானே?

"கண்ட எடத்துல கத்தரி வைக்காதடா. படத்துக்கும் படத்துக்கும் நடுவுல கோடு இருக்கு, அங்க வெட்டு" என்பாய். எழுபதுகளின் கடைசி, காரைக்கால் கொட்டகையில் நாம் இருவரும் ஆப்பரேட்டர்கள். அறுந்த பிலிமை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பாய், பிளேடால் சுரண்டுவாய், மருந்து தடவிக் கட்டைவிரலால் அழுத்துவாய். திரையில் துள்ளாது. நான் ஒட்டினால் ஓரத்து ஓட்டை பிசகும். ஆள் இரண்டாகி, கால் மேலேயும் தலை கீழேயும் நிற்கும். கூட்டம் விசிலடிக்கும்.

கூட்டத்தை விடு. என் பெண்டாட்டி இருக்கிறாளே! போலகத்துக்காரி, சினிமாப் பைத்தியம். ஆப்பரேட்டர் பெண்டாட்டிக்கு டிக்கெட் ஏது? ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். "இன்னிக்கு நீங்கதானே ஒட்டுனீங்க? கதாநாயகி காலு அவ நெத்திக்கு மேல தொங்குச்சு" என்பாள். நன்றாக ஓடினால், "அண்ணன் கை பட்டிருக்கு." நீதான் அண்ணன். வீட்டில் மீன்குழம்பு கொதித்தால் உனக்கும் ஒரு கிண்ணம் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை அவள் வாயால் என் கையை மெச்ச வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

அம்மா மகனை வழியனுப்பும் கட்டத்தில் ஒரு படம் அறுந்தது. விளக்குப் போட்டார்கள், என் பெண்டாட்டியும் கூட்டத்தில்தான் இருந்தாள். மறுநாள் ஆட்டத்துக்கு முன் நான் ஒட்டினேன். நீ டீ கிளாஸோடு பக்கத்தில் நின்றாய், தொடவில்லை. பிலிமில் சத்தம் படத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பதிந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்து வெட்டினால் அம்மாவின் அடுத்த சொல் போய்விடும். ஓரத்துச் சத்த வரியில் அலை இல்லாத இடமாகப் பார்த்து, நைந்ததை மட்டும் எடுத்தேன்.

ஓடியது. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒட்டு எங்கேன்னு எனக்கே தெரியலடா" என்றாய்.

படம் விட்டதும் அவள் நம் ஆப்பரேட்டர் அறைப் படிக்கட்டுக்கு வந்தாள். "அண்ணே, நேத்து அறுந்த எடமே தெரியல. உங்க கையே கை!"

"நான்தான் ஒட்டுனேன்."

"போங்க, கேலி பண்ணாதீங்க."

நீ வாயைத் திறந்தாய். "ஆமா தங்கச்சி, சத்தியமா இவன்தான்."

"பாருங்க, அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு! தன் வேலையத் தூக்கி உங்களுக்குக் குடுக்குறாரு!"

அன்றைக்கு உனக்கு இரண்டு கிண்ணம் போனது.

போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போதும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "எழுதுறதுதான் எழுதுற, அந்த ஒட்டு அண்ணனோடதுன்னே எழுதும்மா" என்கிறாள்.

இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். புரொஜெக்டர் பக்கத்தில் நின்று "எனக்கே தெரியலடா" என்று நீ சொன்னது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவளிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் அதையும் உன் பெரிய மனசில் சேர்த்துவிடுவாள்.