இரண்டு கையும் தோளில்

பிப். 4, செவ்வாய்
காலையில் கடும் பனி. பள்ளியில் ட்ரில் வகுப்பு. மாலை ஷிப்ட் விட்டதும் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் டான்ஸ் பயிற்சி. விடுதி ஆண்டு விழா அடுத்த வாரம் சனி.

டான்ஸில் தூக்கும் இடம் ஒன்றே ஒன்று. தூக்குவது மும்தாஜ், மேலே போவது மல்லிகா. ஆணும் பெண்ணுமாக ஆடினால் ஊரே கூடிவிடும், அதனால் மும்தாஜுக்கு மீசை. மையில் வரைந்ததிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

வார்டன் கறார்: "ஒருத்தி விழுந்தாலும் டான்ஸ் கேன்சல், டீச்சர். அப்பன்மாருக்கு நான்தான் பதில் சொல்லணும்."

தரையில் பஞ்சு மெத்தை இரண்டு. மும்தாஜ் முழங்காலை மடக்கி எழ வேண்டும், முதுகை வளைக்கக் கூடாது. மல்லிகாவின் இரண்டு கையும் மும்தாஜ் தோளில். இறங்கும் வரை.

வரும்போது: டேப்புக்கு பேட்டரி.

பிப். 6, வியாழன்
மல்லிகா விழுந்தாள். மெத்தை இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

மும்தாஜ் ஒரே அழுகை. "நான் விடல மிஸ், அவதான் கைய எடுத்துட்டா."

"தாவணி வெலகுச்சு மிஸ்," என்றாள் மல்லிகா. "கை தானா போயிடுது."

கோபம் தாங்கவில்லை. கழுத்து முறிந்தால் தாவணி எதற்கு என்று கத்தினேன். வார்டனிடம் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

பிப். 7, வெள்ளி
தாவணி முழுக்க ஊக்கு. விலகவே இல்லை, ஆனாலும் கை போகிறது. வேலைக்குப் போடும் நீலக் கோட்டை மாட்டித் தூக்கினால் கை அசையவில்லை. கோட்டோடு ஆடலாமா என்று கேட்டேன். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

பிப். 10, திங்கள்
புது யோசனை. கதவைச் சாத்திவிட்டு ஊக்கை எல்லாம் கழற்றச் சொன்னேன். தாவணி விலகட்டும், கை மட்டும் தோளை விட்டு வரக் கூடாது. முதலில் வெட்கம், பிறகு ஒரே சிரிப்பு. போகப் போகக் கை நின்றது. நிம்மதி.

இட்லி மாவு தீர்ந்தது.

பிப். 12, புதன்
மல்லிகா முகம் வாடியிருந்தது. "எங்க ஊரு பேரிகைலருந்து அப்பா விழாவுக்கு வராரு மிஸ்."

தூக்குவதை எடுத்துவிடலாம், சுற்றி ஆடினால் போதும் என்றேன்.

"வேணாம் மிஸ். தூக்கணும்."

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அப்பாவைப் பார்த்ததும் அந்தக் கை என்ன செய்யும்?

பிப். 15, சனி
விழா முடிந்தது. கால் வலி.

மேடையில் மெத்தை கிடையாது. அதனால் நான் திரை ஓரத்தில், விழுந்தால் பிடிக்கத் தயாராக. மல்லிகாவின் அப்பா மூன்றாம் வரிசை, தோளில் துண்டு.

மேலே போனாள். தோள்பட்டை ஊக்கு தெறித்து, தாவணி காற்றில் போய்விட்டது. பின்னால் விசில். விரல்கள் மும்தாஜ் சட்டையை இறுக்கின. கை வரவில்லை. முழங்காலை மடக்கி இறங்கினாள், சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்ததும் அப்பா உள்ளே வந்தார். மகளை ஒன்றும் சொல்லவில்லை. மும்தாஜைத்தான் கேட்டார்: "இடுப்பு கிடுப்பு புடிச்சுக்கலியேம்மா?" மீசையோடு அவளுக்கு வெட்கம்.

வார்டன் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாம் நல்லாருந்துச்சு டீச்சர். ஆனா அந்தப் புள்ளய தூக்குனதுலருந்து உங்க முந்தான தரையில கெடந்துச்சே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி நின்றிருந்தேன்.