சில்லு சொன்ன ‘வேணா’

பிப்ரவரி 6

லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். “டேய், உடனே மையத்துக்குப் போ. சில்லு கடிச்சுட்டாளாம். என்னால இஸ்திரி மெஷினை விட்டு நகர முடியாது.”

போனேன். தன் கையைத்தான் முதலில் கடித்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்து நீலம் பாய்ந்திருந்தது. தடுக்கப் போன டீச்சர் கையிலும் ஒரு கடி.

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். “தம்பி, பதினோரு பிள்ளைங்க, நாங்க ரெண்டு பேர். மார்ச் பதினாலு வரைக்கும் சேர்த்துப் பாக்குறோம்னு முதல்லயே சொல்லியிருக்கோம். அதுக்குள்ள கடி குறையலைன்னா இவளை வச்சுக்க முடியாது.”

அக்கா மகளுக்கு ஏழு வயது, அவளைச் சேர்த்துக்கொண்ட முதல் பயிற்சி மையம் இது. ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே மற்றவர்கள் “யோசிச்சுச் சொல்றோம்” என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். இங்கேயும் இல்லையென்றால் அக்கா வேலையை விட வேண்டியதுதான். அத்தான் கப்பலில், வருடத்தில் பத்து மாதம் கடல்.

ஐந்து வாரத்தில் ஆறு மாடிக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பல்லை அடக்க முடியாதா?

பிப்ரவரி 8

டீச்சர் சொல்வது இதுதான்: கடி என்பது திமிர் இல்லை, பேச்சு. வாயால் கேட்கத் தெரியாததைப் பல்லால் கேட்கிறாள். கேட்கக் கற்றுக்கொண்டால் கடி தானாகக் குறையும்.

சரி. இரண்டே சொல். ஒரு பொருளைக் கண்ணுக்கு நேரே பிடிப்பேன். வேணும் என்றால் கொடுப்பேன். வேணாம் என்றால் எடுத்துவிடுவேன். இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். “அவ லிஃப்ட் இல்லடா, அமுக்குனதும் வந்து நிக்க.”

பிப்ரவரி 12

ஒன்றுமில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நான்தான் தின்றேன்.

பிப்ரவரி 15

சொல்லிவிட்டாள்!

ஆப்பிள் துண்டைப் பிடித்திருந்தேன். அதைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், “வேணா” என்றாள். தெளிவாக. வேணாம்! உடனே எடுத்துவிட்டேன். கை தட்டினேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அடுத்த நிமிடமே சில்லு கையைக் கடித்துக்கொண்டாள். ஏனென்று தெரியவில்லை. போகட்டும், சொல் வந்ததே.

பிப்ரவரி 19

நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதி வருகிறேன்: முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு நாங்கள் என்ன செய்தோம். எல்லாவற்றுக்கும் ‘வேணா’தான். பிஸ்கட் வேணா. ஊஞ்சல் வேணா. உயிரையே விடுவாளே, அந்தச் சிவப்புப் பந்து, அதுவும் வேணா. கடி ஒரு நாளைக்கு நாலாக இருந்தது, இப்போது ஒன்பது.

“பிடிச்சதையெல்லாம் வேணாங்கிறாளே, என்னடா இது?” என்றாள் அக்கா.

“வேணாம்னு சொல்றதே அவளுக்கு இப்ப ஒரு விளையாட்டு” என்றேன். நோட்டில் ‘பிடிவாதம்’ என்று எழுதினேன்.

பிப்ரவரி 23

கடி பன்னிரண்டு. மூன்றாவது கட்டத்தில் வரிசையாக ஒரே சொல் எழுதியிருக்கிறேன்: எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன். என்னவோ இடிக்கிறது. போனில் எடுத்து வைத்திருக்கும் வீடியோக்களை நாளை டீச்சரிடம் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 24

டீச்சர் முதலில் வீடியோவைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டார். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

“தம்பி, இவ பழத்தை எப்படிச் சொல்லுவா?”

“பழ.”

“மரத்தை?”

“மர.”

“கடைசி எழுத்தை முழுங்கிடுவா. சொல்லோட கடைசியில ‘உ’ வந்தா அதுவும் ‘ஆ’ன்னுதான் விழும். அப்ப வேணும்னா என்ன சொல்லுவா? வேணாம்னா என்ன சொல்லுவா?”

இரண்டையும் அவள் மாதிரியே முணுமுணுத்துப் பார்த்தேன்.

“ரெண்டும் வேணாதான். உங்க காதை விடுங்க, அவ கையைப் பாருங்க.”

பார்த்தேன். வேணா என்று சொல்லும்போதே அவள் விரல்கள் ஆப்பிளை நோக்கி விரிகின்றன. எல்லா வீடியோவிலும். நான் எடுத்த வீடியோ, நானே இருபது தடவை பார்த்த வீடியோ.

ஒன்பது நாள். வாழ்க்கையில் முதல் முதலாக ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டிருக்கிறாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கிவிட்டுக் கை தட்டியிருக்கிறேன் — நல்ல பிள்ளைன்னு வேற சொல்லியிருக்கேன். மேலே போகிற வயரையும் கீழே போகிற வயரையும் மாற்றி மாட்டிவிட்டு, பட்டனை அமுக்கியவளைப் பிடிவாதக்காரி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எவன்டா இந்த ரெண்டு சொல்லையும் இவ்வளவு பக்கத்துல வச்சான்?

பிப்ரவரி 25

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். “நானும்தானேடா எடுத்து எடுத்து உள்ள வச்சேன்” என்று மட்டும் சொன்னாள். மடித்து வைத்த துணியை எடுத்து உதறி மறுபடியும் மடித்தாள்.

பிப்ரவரி 27

இனி கையைப் பார்த்துக் கொடுப்பது என்று முடிவு. ஆனால் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆப்பிளை நீட்டினால் சுவரைப் பார்க்கிறாள். கையில் வைத்தால் தரையில் வைத்துவிடுகிறாள்.

“சொல்லுடி செல்லம், தப்பு மாமா மேலதான். ஒரே ஒரு தடவை வேணான்னு சொல்லு, கடையையே தூக்கிட்டு வந்து தர்றேன்.”

யாரிடம் கெஞ்சுகிறேன்? கேட்டால் பறிபோகும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். லிஃப்டில் வயரைச் சரியாக மாட்டினால் அந்த நிமிடமே ஓடும். இங்கே என்ன செய்வது? எதைக் கழற்றி எதை மாட்டுவது?

மார்ச் 3

டீச்சர்: “அந்தச் சொல்லை விட்டுடுங்க. உள்ளங்கையை நீட்டினா உடனே குடுங்க, அவ்வளவுதான். வாயைத் திறக்கச் சொல்லி நிக்காதீங்க.”

“எத்தனை நாள் ஆகும்?”

“தெரியாது தம்பி.”

“தெரிஞ்சவங்க யாராவது?”

“யாருக்கும் தெரியாது.”

மார்ச் 8

இன்று உள்ளங்கையை நீட்டினாள். சோம்பல் முறித்தாளோ என்னவோ. நானும் அக்காவும் ஆளுக்கொரு ஆப்பிளோடு பாய்ந்தோம்.

கடி ஏழு.

மார்ச் 11

மையத்தில் ஒரு பிள்ளையின் தோளைக் கடித்துவிட்டாள். ரத்தம். அந்தப் பிள்ளையிடம் இருந்த பந்துக்காக முதலில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், வெகு நேரம். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 14

இடம் இல்லை.

அக்கா “சரிங்க டீச்சர்” என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கத்தினேன். “நடுவுல கெடுத்தது நான், அவ இல்ல. இன்னொரு தடவை முதல்லேர்ந்து சேர்த்துப் பாருங்க.”

“தெரியும் தம்பி. கடி பட்ட பிள்ளையோட அம்மா உள்ளதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

சில்லுவின் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

மார்ச் 18

அக்கா வேலையை விட வேண்டாம். அவளுக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதிய ஷிஃப்ட். “கல்யாணம் ஆகாமலே குடும்பஸ்தன் ஆயிட்டியேப்பா” என்று சிரித்தார் சூப்பர்வைசர். இப்படியே எத்தனை மாதம் ஓட்டுவது?

மார்ச் 29

காலை ஒன்பதே கால். குளிப்பாட்டி முடித்து, சட்டை போட்டுக்கொள்ளப் பழக்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துளை மாறிவிட்டது, ஒரு பக்கம் மேலே ஏறி நிற்கிறது. இரண்டு நொடி வேலை. கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடிக்கவில்லை. கையைத் தள்ளிவிட்டாள்.

“போ.”

முழுச் சொல். விழுங்குவதற்குக் கடைசி எழுத்தே இல்லை. எங்கே கேட்டு வைத்திருந்தாளோ, நான் சொல்லித் தரவில்லை.

போனேன்.

கதவுக்கு வெளியே நின்று இதை எழுதுகிறேன். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. கதவு இடுக்கில் பார்த்தால் இன்னும் முதல் பட்டன்தான். நான் உள்ளே போகவில்லை.