யாருக்கும் இல்லாத பெயர்

ஜூன் 4, 1973. திங்கள்.

கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. குழாயில் இரண்டு குடத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது. வாங்க வேண்டியவை: அண்ணியின் மருந்துக்குச் சுக்கு, வெல்லம், விளக்குத் திரி, எனக்கு மை.

எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டு இன்றும் இல்லை. பி.ஏ. முடித்து ஒரு வருஷம். என் படிப்பால் பிள்ளையார்பாளையத்துக்கு இதுவரை ஒரே ஒரு பயன்: பிள்ளைகளுக்குப் பெயர். ரமேஷ், சுரேஷ் எல்லாம் இப்போது தெருவுக்கு நாலு. அதனால் "புச்சா ஒண்ணு சொல்லும்மா" என்று வருகிறார்கள். கோடி வீட்டுக்கு ஜிதேஷ். சாயக்காரர் வீட்டுக்கு வினோஜ். சாயக்காரர் மருமகள் ரகசியமாக வந்து சொன்னது: "எங்க மாமியார் வாயில நுழையக் கூடாது. அதான் முக்கியம்."

மத்தியானம் அண்ணி கூப்பிட்டாள். பிள்ளை மடியில். "ஊருக்கெல்லாம் பேரு குடுக்கிற சுசீ. உன் அண்ணன் புள்ளைக்கு?"

"என்ன மாதிரி வேணும் அண்ணி?"

"இதுக்கு முன்னாடி அந்தப் பேருல ஒருத்தன் இருந்திருக்கவும் கூடாது, செத்திருக்கவும் கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது மூன்றாவது பிள்ளை. முதலாவதுக்கு எங்கள் தாத்தா பெயர், முருகேசன். பல் முளைக்கும் முன்பே ஜுரத்தில் போனான். செத்தவர் பெயரை வைத்ததால்தான் என்று அண்ணி இன்றும் நம்புகிறாள். இரண்டாவது, பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே போய்விட்டது. பெயர் இல்லாமலே புதைத்தோம்.

ஜூன் 6. புதன்.

தலைவலி. காலை முழுக்கப் பெயர்கள். தீபேஷ்: நன்றாக இல்லை. சுரோஜன்: மருந்துக் கடை மாதிரி. அருணேஷ்: எங்கேயோ ஒருவன் இருப்பான்.

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா முறத்தோடு வந்தாள். இவளுக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு, சண்டைக்கு மட்டும் தமிழ்.

"ஒரு முறம் தவுடு குடுத்து நான் வாங்கிக்கிறேன். குப்புன்னு பேரு வை. குப்பைய எவன் வந்து எடுத்துக்கினு போவான்? என் நாத்தனார் புள்ள அப்படித்தான் பொழச்சுது, வசந்தா," என்றாள் அண்ணியிடம்.

அண்ணிக்கு வந்ததே கோபம். "என் புள்ள குப்பையாக்கா? பி.ஏ. படிச்சவ வீட்ல இருக்கிறா, நான் போயி குப்புன்னு வைப்பனா?"

"பி.ஏ. படிச்சா எமன் பயந்துடுவானா?"

அண்ணன் தறிக்குழியை விட்டு எழவே இல்லை. தறியில் நாடா குறுக்கே ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமானது.

ஜூன் 7. வியாழன்.

கிடைத்துவிட்டது. ராட்டையில் அண்ணனுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது. தானாக வந்த மாதிரி. அர்த்தம் எதுவும் கிடையாது, அதுவே நல்லது. எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிள்ளையின் காதில் அதன் அப்பா மூன்று முறை சொல்லும்வரை பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு சடங்கு. அண்ணியிடம் "ரெடி" என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூச்சமாக இருந்தது. பெருமையாகவும்.

இங்கேகூட எழுதப்போவதில்லை.

ஜூன் 9. சனி.

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் காதே அடைத்த மாதிரி இருக்கும். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல். பொம்பளைக் குரல். விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற இழுப்பு.

"லினே...ஷ்!"

நான் யோசித்த பெயர். இப்போது மறைத்து என்ன.

உச்சி வேளையில் ஒரே ஒரு முறை கூப்பிட்டால் பதில் தரக் கூடாது, மூன்றாவது முறையும் கூப்பிட்டால்தான் மனுஷர். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் "இதோ வரேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடினேன். பிரசவம் ஆகி அண்ணி உள்ளேயே இருப்பதால் வாசலுக்கு இப்போதெல்லாம் நான்தான். அந்தப் பழக்கம்.

தெருவில் யாரும் இல்லை. வெயில். நிழலில் ஒரு நாய், அதுவும் தூக்கம்.

சாயங்காலத்திலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை.

ஜூன் 10. ஞாயிறு.

டாக்டரிடம் போனோம். ஜுரம் இல்லை, வயிறு சரி, தொண்டை சரி. "பசிச்சா குடிப்பான்மா."

குடிக்கவில்லை. அழவும் இல்லை. எங்கே படுக்க வைத்தாலும் வாசல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். இந்த வயதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது என்று படித்திருக்கிறேன்.

சர்க்கரைத் தண்ணீர் பஞ்சில். கொஞ்சம் இறங்கியது.

நான் பதில் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 11. திங்கள்.

காற்று இல்லை. பிள்ளை நாராகத் துவண்டு கிடக்கிறான்.

தறிகள் நின்றன. மறுபடியும் வந்தது. அதே இழுப்பு, ஒரே முறை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி கேட்டாள்: "யாரு சுசீ அது, லினேஷு?"

அப்படியானால் அவளுக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் சொன்னேன். அதுதான் நான் யோசித்த பெயர், யாரிடமும் சொல்லவில்லை, சனிக்கிழமை பதில் கொடுத்தது நான்தான். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்து, இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தாள்.

"அது யாரு குரல்னு தெரியலையா உனக்கு?"

"இல்ல அண்ணி."

"என் குரல்டி."

அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

பிறகு மெதுவாக, கணக்குப் போடுகிற மாதிரி: "ரெண்டாவது இருந்தா இப்ப தெருவுல ஓடி விளையாடுற வயசு. கூப்பிடுறதுக்கு ஒரு பேரு இல்லாம இருந்துச்சு. நீ செஞ்சு குடுத்துட்ட."

பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "தன் பேரு எங்கடான்னு இவன் கிட்ட வந்து நிக்குது. வேணாம் சுசீ. அந்தப் பேரு ரெண்டாவதோட பேராவே இருக்கட்டும். ராஜம்மாக்காவைக் கூப்பிடு."

ஜூன் 12. செவ்வாய்.

காலையிலேயே முடிந்தது. ராஜம்மா அக்கா முறம் நிறையத் தவிட்டோடு வாசலில். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வந்தான். அண்ணி படியைத் தாண்டாமல் பிள்ளையை நீட்டினாள். தவிட்டை நான் வாங்கிக்கொண்டேன். சூடு பட்ட மாதிரி இருந்தது கை.

"இவன் பேரு குப்பு," என்று ராஜம்மா அக்கா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "என் புள்ள! தவுட்டுக்கு வாங்கினேன்! வசந்தா, உனக்குப் புள்ளயும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ பால் குடுக்கிற ஆளு, அவ்ளோதான்."

அண்ணன், யாரையும் பார்க்காமல்: "குப்பு. சரி."

அண்ணியின் முகத்தில் எதுவும் இல்லை. பிள்ளையைத் திருப்பி வாங்கி மடியில் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முட்டி முட்டிக் குடித்தான். புரையேறுகிற வரை குடித்தான். அண்ணன் பின்கட்டுக்குப் போய்விட்டான், அழத்தான்.

பி.ஏ. படித்தவளும் அழுதாள்.

ஜூன் 13. புதன்.

மேகம். தூறல் இல்லை. குப்பு நன்றாகத் தூங்குகிறான், நன்றாகக் குடிக்கிறான். ராஜம்மா அக்காவின் அதிகாரம் தாங்கவில்லை. "என் புள்ளைக்கு ஏன்டி இவ்ளோ எண்ணெய் தடவுற? என்ன, உன் புள்ளையா?" அண்ணன்கூடச் சிரித்தான்.

மத்தியானம் குரல் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இல்லை.

இனி யாருக்கும் பெயர் சொல்லப்போவதில்லை. தறிக்காரர் ஒருவர் காலையில் வந்தார். ரமேஷ் நல்ல பெயர் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 15. வெள்ளி.

புழுக்கம். மை தீரப்போகிறது, கடைக்குப் போக வேண்டும். அண்ணன் கூலி வாங்கப் போயிருக்கிறான், ராஜம்மா அக்கா கோயிலுக்கு. வீட்டில் நானும் அண்ணியும் குப்புவும்தான்.

தறிகள் இப்போதுதான் நின்றன.

அண்ணி சமையல் கட்டிலிருந்து ஒரு சின்னத் தட்டில் பருப்புச் சோறு பிசைந்துகொண்டு வந்தாள். நெய் மணம். குப்புவுக்கா, இந்த வயதில் சோறா என்று கேட்க வாயெடுத்தேன். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். படியில் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"லினே...ஷ்!"

சனிக்கிழமை நான் கேட்டது இதுதான். இதே இழுப்பு, முடிகிற இடத்தில் இதே மூச்சு.

குப்புவை எடுத்துக்கொண்டு உள் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இடது கையால் தூளியை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

கதவு வழியாக அண்ணி பேசுவது கேட்கிறது. அவள் குரல் மட்டும்.

"வாயத் தொற. ம். இன்னொரு வாய். சூடா இருக்குது, ஊதித் தரேன்."

"மெதுவா. யாரு உன்னைத் தொரத்துறாங்க?"

பேச்சு நின்றுவிட்டது. நடுவில் யாரோ எதையோ கேட்டு, அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிற அளவுக்கு இடைவெளி.

"உள்ளயா?" என்கிறாள் அண்ணி. சிரிக்கப் பார்க்கிறாள், குரல் நடுங்குகிறது. "உள்ள யாரும் இல்லப்பா. அது ராஜம்மாக்கா வீட்டுப் புள்ள. நமக்குச் சொந்தமே இல்ல. நீ சாப்பிடு."

குப்பு விழித்துக்கொண்டான். கதவைப் பார்க்கிறான்.