சிவப்பாகக் காட்டிய இடம்

செம்பாக்கம்,
திங்கட்கிழமை.

தோஹாவில் இருக்கும் மச்சான் குமரேசனுக்கு, உன் அக்கா புருஷன் ஜெயவேலு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தீபாவுக்கு இது ஏழாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரி. போனில் எதைப் பேசினாலும் எங்கேயாவது பதிவாகித் தொலைகிறது.

நான் கட்டிக்கொண்டிருக்கும் சத்தியநாதன் சார் வீட்டுக்கு நீ கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்து அனுப்பினாயே, கம்பி, பைப், ஒயர் எல்லாம் உள்ளே தெரிகிற மாதிரி. மாடி பாத்ரூம் பைப் பீமில் இடிக்கிறது என்று அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டியிருந்தாய். பைப்பை மாற்றுங்கள், பீமைத் தொடாதீர்கள் என்று எழுதியும் வைத்திருந்தாய். பார்த்தேன். இல்லையென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மேஸ்திரி சவுரிமுத்துவிடம் காட்டினால், இன்னா சார், கம்ப்யூட்டரா வந்து கலவ போடப் போவுது என்றான். சைட்டே சிரித்தது. நானும்தான். பைப்பை மாற்றினால் ஒரு வாரம் வேலை இழுக்கும். கம்பியை வெட்டி, பீமை உடைத்துப் பைப்பை விடச் சொன்னேன். இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு மண்ணும் ஆனதில்லை.

போன வியாழக்கிழமை பீமுக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்தோம். பீம் இறங்கிவிட்டது. கீழே பெருக்கிக்கொண்டிருந்த சித்தாள் கங்கையம்மாள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவம்தான். அந்த நேரத்தில் அவளை அங்கே பெருக்கச் சொன்னது யார் என்று மட்டும் கேட்காதே.

சார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் போலீசிடம் மாடல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்குமாமே! எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காமல் போனது செலவுக்காக இல்லை மச்சான், இதற்காகத்தான். பேப்பர் பிளான் என்றால் சைட்டிலேயே பேனாவால் மாற்றலாம், வம்பு வந்தால் கிழித்துப் போடலாம்.

என்னிடம் இருந்த மாடலை அழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் அழி. பழைய தேதி போட்டுப் புதிதாக ஒன்று செய். அதில் பீமில் ஓட்டை உன் டிசைனிலேயே இருக்கட்டும். சிவப்பு வேண்டாம். தப்பு உன் கணக்கில்தான் என்று உன் பெயரில் எனக்கு ஒரு மெயிலும் போடு. அங்கே வந்து உன்னை யார் பிடிக்கப் போகிறார்கள்? ஊருக்குத்தான் கொஞ்ச வருஷம் வர முடியாது. குழந்தையைப் போட்டோவில் பார்த்துக்கொள்.

தீபாவிடம் சொன்னேன். என் தம்பியை இதில் இழுக்காதீங்க என்று இரண்டு நாள் ஒரே அழுகை. அப்புறம் புரியவைத்தேன். இப்போது அழுவதில்லை. அவள் போன் என்னிடம்தான் இருக்கிறது, கூப்பிடாதே.

கடிதம் கிடைத்த இரண்டு நாளில் மெயில் வந்தாக வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. உன் அக்காவும் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன். நீயும் கும்பிட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
ஜெயவேலு