பத்து நாளாக வாய் திறக்காத மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா தேவைக்கு மேலேயே சுகம், தங்கை வழக்கம்போலச் சத்தமில்லாத சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் ஆசை, ஆனால் கேட்டால் பதில் வராது என்பதால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் வேலை செய்யவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எழுத்து தங்கையுடையதாக இருக்கிறதே என்று பயப்படாதே. ரயில் நிலையத்தில் என் விசாரணைக் கவுண்டரின் ஜன்னலை இழுத்துச் சாத்தும்போது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது, கட்டுப் போட்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. விரலில்தானே அடி, வாயில் இல்லையே, விசாரணைக்கு வாய் போதும் என்று சொல்லி மேலாளர் விடுப்புகூடத் தரவில்லை. அதனால் நாள் முழுக்கக் கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக மூன்றாம் நம்பர் நடைமேடை, இருபது நிமிஷம் தாமதம் என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்து, பெற்ற பிள்ளையிடமிருந்து ஒரு பதில் வாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என்னையும் அப்பாவையும் நீ வாட்ஸப்பில் தடுத்து வைத்திருக்கிறாய், நாங்கள் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நொண்டிக்கொண்டு நிற்கிறது. தங்கை அனுப்பியதற்கு இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. அதனால்தான் தாளில் எழுதி மாடி வீட்டு நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறை முடிந்து நாளை அவள் நீ இருக்கும் ஊருக்கே விமானம் ஏறுகிறாள், சனிக்கிழமை உன் அறைக்கு வருவாள். கொடுத்துவிட்டுப் போய்விடாதே, அவன் கடைசி வரி படிக்கும்வரை எதிரிலேயே நில் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேரை அமுக்கிப் பிடித்து ஊசி போட்டவள், உன்னைப் பார்த்துக்கொள்வாள். விஷயம் இதுதான். நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண் உனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறாள். அதற்குள் நீ அவளிடம் வாய் திறந்து பேசாவிட்டால் கல்யாணப் பேச்சு அதோடு சரி. இதை அவள் யாரிடம் சொன்னாள் தெரியுமா, உன் தங்கையிடம். போனில். உட்கார்ந்துகொள், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ கால். உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல் மருத்துவமனையில் டோக்கன் பதினேழு என்று அவர் கூப்பிடுவது மகுடம் சூட்டிக்கொள்ள அழைப்பதுபோல் இருக்கும், அந்தச் சத்தத்திலேயே பாதிப்பேருக்குப் பல்வலி போய்விடுகிறதாம். முப்பது வருஷமாக நாடகம், நானூறு பேர் முன்னால் அட்டை வாளோடு குதிக்கிற மனிதர். அவருக்கு ஒரு கைப்பேசி முன்னால் உட்கார்ந்து சம்பந்திகளோடு பேச நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் எப்படிப் பேசுவது என்று என்னையே கேட்டார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் வசனம் எழுதினார். காட்சி ஒன்று, வணக்கம். காட்சி இரண்டு, அவர்கள் ஊர் மழை பற்றி விசாரித்தல். காட்சி மூன்று, பையனின் குணநலன், இங்கே லேசாகத் தொண்டை அடைக்கவும். எனக்கு வசனமே கிடையாது, புன்னகை மட்டும், அதுவும் அளவோடு என்று எழுதியிருந்தது. கால் வருவதற்கு முன்னால் புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன், அவர் மறுக்கிறார்.

தங்கை அப்பாவின் நாடகக் குழுவில் பிராம்ப்டராக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து வாசி என்றால் தொண்டை அடைத்துப்போய், அந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், இப்போது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு குட்டி டார்ச்சோடு உட்கார்ந்து, வசனம் மறந்தவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடியெடுத்துக் கொடுக்கிறாள். முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. இந்த மேடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம், பக்கத்திலிருந்து காதில் என்ன விழுந்தாலும் யோசிக்காமல் வாங்கிச் சொல்லிவிடுவார்கள், யோசித்தால் ஆட்டம் படுத்துவிடும். போன மாதம் கொசு கடித்து அவள் அய்யோ என்றாள், ராஜா வேஷக்காரர் அதையும் சேர்த்து முழங்கிக் கைதட்டல் வாங்கினார். அன்றைக்கும் அவளை நோட்டோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் உன் அப்பா கைப்பேசி முன்னால் உட்கார்ந்தார்.

மழை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. அந்தப் பெண்ணின் அம்மா தலைமை ஆசிரியை என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டவர், இதையும் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. காட்சி மூன்றின் நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, "எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க, உங்க பையனுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவார், அதைச் சொல்லுங்க" என்றார். அது நோட்டில் இல்லை. உன் அப்பாவின் கண் மேசைக்கு அடியில் போனது, திரும்பி மேலே வந்தது, மோவாய் உயர்ந்தது. "கோபம் வந்தா கத்த மாட்டான். நாலஞ்சு நாள் பேசவே மாட்டான். நாமதான் கதவுகிட்டப் போய் நின்னு கெஞ்சணும்" என்று நெஞ்சில் கை வைத்து, கடைசி வார்த்தையை இழுத்து, கைதட்டலுக்காக ஒரு நொடி இடைவெளியும் விட்டார். திரையில் நீ இருந்த கட்டம் கறுத்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாட்டு வைத்தியரான அவள் அப்பா அப்படியே அசையாமல் இருந்தார், அது சிக்னல் கோளாறா அதிர்ச்சியா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நான் மட்டும் நோட்டில் இருந்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினாய். பெற்று வளர்த்த கதையெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரே வரியில் முடிந்தது. தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புகிற உன் பெரியம்மா அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், எதற்கு என்று கேட்டதற்கு எல்லாத்துக்கும் போடுவேனே என்கிறாள். உன் அப்பா நாலு நிமிஷம் மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு ஒன்று போட்டார், பின்னால் நாடகக் குழுவின் கீபோர்டுக்காரர் சோகமாக வாசித்தார். நீ போன பிறகு போட்டதால் அது உனக்கு வரவே இல்லை. சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேர் கைகூப்பி அவரை மன்னித்துவிட்டார்கள், அதில் ஒருவருக்கும் அவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

இப்போது நேற்றைய கதை. மத்தியானம் நான் கவுண்டரில், உன் அப்பா பல் பிடுங்குகிற இடத்தில், தங்கை தனியாக இருந்தாள். போன் அடித்தால் அவள் எடுக்க மாட்டாள், அடித்து ஓயும்வரை அதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள், அப்புறம் என்ன வேண்டும் என்று எழுதி அனுப்புவாள். நேற்று விடாமல் மூன்று தடவை அடித்ததால் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்திருக்கிறாள். எதிரில் அந்தப் பெண். நாற்பது நிமிஷம் பேசினார்களாம், நான் உன் தங்கையோடு இரண்டு மாதத்தில் அவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அந்தப் பெண் சொன்னதை எழுது என்றேன், ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறாள், மனப்பாடம்தானே அவள் தொழில். "ஒன்பது நாளா என்கிட்டயும் பேசல உங்க அண்ணன். ஆபீஸ்ல எதிர்ல வந்தா போனைப் பார்த்துக்கிட்டே போறார். அன்னைக்கு நான் சிரிச்சேன்தான், கேலிக்கு இல்ல. பெத்த பிள்ளையைப் பத்தி ஒரு அப்பா உண்மை சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன். எங்க வீட்ல எனக்குப் பொறுமை அதிகம்னு சொல்லி வச்சிருக்காங்க, அது வடிகட்டின பொய். அம்மாகூட, இந்த வீட்டுக்காரங்க எதையும் ஒளிக்க மாட்டாங்க போலன்னு சொல்லி, சம்மதம்னுட்டாங்க. சண்டை போட்டா நானும் போடுவேன், எனக்குப் பிடிக்கும். ஆனா கதவுல போய் நின்னு எனக்குப் பழக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுவரை அவர் வாயால பேசலைன்னா, பதில் சொல்லிட்டார்னு எடுத்துப்பேன்" என்றாளாம். புரிகிறதா உனக்கு, அவர்கள் யாருக்கும் உன் அப்பா சொன்னது ஒரு பொருட்டே இல்லை. அப்படியெல்லாம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன், அவர் சொன்னதை வரிக்கு வரி நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய், அதுவும் நாலஞ்சு நாளைப் பத்து நாளாக்கி.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள். அடுத்து வருவதை நீ சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்கிறாள். எழுதட்டும்.

அண்ணா, நான்தான். அப்பா சொன்னது என் வரி. அந்தக் கேள்விக்கு நோட்டில் பதில் இல்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன், அப்பா சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்திருக்கிறது என்று தெரிந்தது. உன்னை அசிங்கப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் அது பொய் என்றும் என்னால் எழுத முடியாது. நீ கதவைச் சாத்திக்கொண்ட நாளெல்லாம் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீ திறக்கிற சத்தம் வரும்வரை அடுத்த அறையில் காத்துக்கொண்டிருந்தது நான். கோபம் என்றால் என்னிடம் பேசாமல் இரு, எனக்குக் கஷ்டமில்லை, நானும் அதிகம் பேசாதவள்தான். அவளிடம் பேசு. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுபடியும் அம்மா. நேற்றுச் சாயங்காலம்தான் எனக்கும் இது தெரியும். நோட்டில் இல்லாததைச் சொன்னதால் உன் அப்பாவின் சொந்தச் சரக்கு என்று நினைத்து, நுணலும் தன் வாயால் கெடும் என்று ஒன்பது நாளும் விடாமல் அவரை வறுத்தெடுத்தேன். மனிதர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சபையில சொன்னது என் வாய். பிராம்ப்டரைக் காட்டிக் கொடுக்கிறவனும் ஒரு நடிகனா" என்கிறார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு மார்க் போட்டேன். அதே வசனத்தை வேறு வேறு தினுசாக மூன்று தடவை சொல்லிக் காட்டியதால் அரை மார்க்கைக் குறைத்துவிட்டேன். தங்கை எழுதியதை அடித்துவிடு, பழி என்மேலேயே இருக்கட்டும் என்று இப்போதுகூடப் பின்னால் நின்று சொல்கிறார். அவள் அடிக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், இதை உன் அப்பா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் மறந்துவிட்டது. ஊருக்கு முழங்குகிற வாய், வீட்டுக்குள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது. தினமும் நான்தான் அறை வாசலில் போய் நின்றேன். பன்னிரண்டாம் நாள் நாடகத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் அறுந்தது, ஊசி எங்கே என்றார். அதுதான் மன்னிப்பு. நானும் அப்பாடா என்று ஊசியை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. முதலில் பேச வேண்டியதைப் பேசு, பொத்தான் அப்புறம் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ பிறந்து வளர்ந்து உம்மென்று உட்கார்ந்தபோதும் உன் கதவில் போய் நின்றவள் நான்தான், பேசாமல் இருந்தால் யாராவது வருவார்கள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன். யாரும் வர மாட்டார்கள், அதிலும் அந்தப் பெண் வரவே மாட்டாள்.

அதனால் நீதான் போக வேண்டும். கைகூப்புகிற பொம்மை, அழுகிற பொம்மை எதையும் அனுப்பாதே. குரல் பதிவு போடாதே, அது உன் அப்பாவின் ரத்தம், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆபீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளாதே, திங்கட்கிழமை அவள் உன்னோடு வேலை பார்க்கிறவள் மட்டும்தான். நேரே போ, முகத்தைப் பார், கோபம் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன், தப்பு என்று சொல். உனக்குக் கோபம் இன்னும் போகவில்லை என்றால் அதையும் சொல், சண்டை போடு, அவளுக்குத்தான் பிடிக்குமாமே. முடியை வெட்டிக்கொண்டு போ. நர்ஸுக்கு ஒரு டீயாவது கொடுத்தனுப்பு.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிடாதே. எங்களைச் சமாதானப்படுத்திவிட்டு அவளை அப்புறம் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றும், அது சுலபமான வேலை என்பதால். அன்றைக்கு மட்டும் போன் வரவில்லை என்றால் நீ அங்கே பேசிக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். இத்தனை வருஷமாக நீ பேச மாட்டாயா என்று காத்திருந்தவள், அந்த ஒரு நாள் போன் அடிக்கக் கூடாதே என்று உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உன் அம்மா
(கையெழுத்து தங்கையுடையது, திட்டு முழுவதும் என்னுடையது)